கம்பத்தின் சத்தம்

பந்து கம்பத்தில் பட்டுவிட்டு உள்ளே போனாலும் அது கோல்தான் என்று மனித குலத்தின் பெரும்பகுதி நம்புகிறது. இந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது, எத்தனை குடும்பங்களின் நிம்மதியைக் குலைக்க வல்லது என்பதை இதுவரை எவரும் போதிய அக்கறையோடு எடுத்துரைக்கவில்லை. உலகமெல்லாம் ஆடும் உருண்டைப் பந்து ஆட்டத்தில் அது சரியாக இருக்கலாம். ஆஸ்திரேலியர்கள் தங்களுக்கென்று விதி செய்துகொண்டு, முட்டை வடிவப் பந்தொன்றைக் கையாலும் காலாலும் துரத்துகிற ஆட்டத்தில் அப்படி இல்லை. அங்கே வலை கிடையாது, குறுக்குச் சட்டம் கிடையாது. வரிசையாக நான்கு கம்பங்கள், நடுவில் இரண்டு நெட்டை, ஓரங்களில் இரண்டு குட்டை. நெட்டைகளுக்கு நடுவே பந்து சுத்தமாகப் போனால் ஆறு புள்ளி. நெட்டைக்கும் குட்டைக்கும் இடையே போனால், பாவம் பார்த்து ஒன்று. நெட்டைக் கம்பத்தை மயிரிழை அளவு உரசிவிட்டு எந்தப் பக்கம் போனாலும் அதே ஒன்றுதான். ஆறுக்கும் ஒன்றுக்கும் நடுவிலுள்ள அந்த மயிரிழையைக் கண்டுசொல்வதற்காகக் கம்பங்களின் அடியில் வெள்ளைக் கோட் போட்ட ஒரு ஆளை நிறுத்திவைக்கிறார்கள். மெல்பேர்னின் கிழக்கு ஓரத்தில், செப்டெம்பர் ஞாயிறு ஒன்றில், பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் இறுதி ஆட்டத்தில், ஆட்டத்தின் கடைசிக் கால்பங்கான நாலாவது குவாட்டர் தொடங்கியபோது அங்கே நின்றுகொண்டிருந்தவர் குகநேசன்.

பந்து மறுகோடியில் இருந்தது. இந்த மைதானம் மிகப் பெரியது, ஒரு கோடியில் நடப்பது மறுகோடிக்கு வதந்தியாகத்தான் வந்துசேரும், அங்கே பச்சை ஜெர்சிகளும் மரூன் ஜெர்சிகளும் காற்றில் அடிபட்ட தாள்களைப்போல ஒரு மூலையில் குவிந்துகொண்டிருந்தன, பச்சைகளுக்குள் ஒரு பச்சை அவருடைய மகள் ஆரபி, எது என்று இங்கிருந்து தெரியவில்லை, தெரியாதது நல்லது என்று நினைத்தார், பிறகு அப்படி நினைத்ததை நினைத்துக் கூசினார். டொக். மூன்றாவது குவாட்டரில் கேட்ட அது டொக்கா, டிக்கா? டொக் என்றால் கம்பம். டிக் என்றால் வேறு ஏதாவது, கொடிக் குச்சி, பின்னால் நிற்கும் யூகலிப்டஸ் மரத்திலிருந்து உதிர்ந்த காய், யாரோ காரின் கதவைச் சாத்தியது. டிக்காக இருந்திருக்கலாம். கம்பத்தின் கீழ்ப்பாதிக்கு மெத்தை சுற்றியிருக்கிறார்கள், மெத்தையில் பட்டால் சத்தமே வராது, மேலே பட்டால் உள்ளே வெறும் குழாய்தானே, குழாயில் பட்டால் டொக் என்றுதான் வரும், டிக் என்று வராது. ஆக டொக். இந்த இடத்துக்கு வந்ததும் அவருடைய மனம் வெந்நீரில் கைவைத்ததுபோல வெடுக்கென்று பின்வாங்கி, மறுபடி முதலிலிருந்து, டொக்கா டிக்கா என்று தொடங்கியது. மூன்றாவது குவாட்டரில் ஆரபி இந்தக் கோடியை நோக்கி ஆடினாள். குவாட்டருக்குக் குவாட்டர் அணிகள் பக்கம் மாறும், கோல் அம்பயர் மாறுவதில்லை, கம்பத்தோடு கம்பமாக அங்கேயே நிற்பார். வலப்பக்க ஓரத்திலிருந்து, யாரும் உதைக்க யோசிக்கிற கோணத்திலிருந்து, அவள் உதைத்தாள். உதைத்தவள் உடனேயே தலை குனிந்து திரும்பிவிட்டாள். ஏன் திரும்பினாள்? பந்து கம்பத்தை உரசியதைக் கண்டுவிட்டாள், அதனால்தான் திரும்பினாள். களத்து அம்பயர் ஓடிவந்து "ஓல் கிளியர்" என்றார். அதன் பிறகு குகநேசன் இரண்டு விரல்களைக் காட்டினார். கோல். இரண்டு வெள்ளைக் கொடிகளை எடுத்து, குறுக்காகவும் நேராகவும், எவ்வளவு அழகாக அசைத்தார்.

அந்த அழகுதான் இப்போது பொறுக்கவில்லை. இரண்டு வாரமாக வீட்டின் பின்வளவில் பாத்திரம் துடைக்கும் துவாய்களை வைத்து அசைத்துப் பழகிய அழகு. மனைவி சுகிர்தா குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்து, "என்னப்பா, பிளேனையோ இறக்கப் போறியள்?" என்று கேட்டாள். லீக்கின் சொந்த கோல் அம்பயர்கள் ஆண்களின் இறுதி ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள், பெண்பிள்ளைகளின் ஆட்டத்துக்கு அணிக்கு ஒருவராகப் பெற்றோரில் ஆள் தரவேண்டும் என்று வந்தபோது, ஆரபி ஆடும் ஹாரோ க்ரீக் கிளப்பின் செயலாளர் டெனீஸ் நேரே இவரிடம்தான் வந்தாள். "நீங்கள் கடைத் தராசு சோதிக்கிற ஆபீசர்தானே, உங்களைவிட ஆர்?" என்றாள். உங்களைவிட ஆர். அந்த இரண்டு சொற்களையும் அவர் ஒரு மாதம் நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார். எட்டு வருடமாக இந்த மைதானத்தின் விளிம்பில் நின்று, வாட்டிய சொசேஜும் வெங்காயமும் பாணில் மடித்துத் தின்று, வெயில் என்றால் வெயில் என்றும் குளிர் என்றால் குளிர் என்றும் மற்றத் தகப்பன்மாரோடு கதைத்த மனிதருக்கு ஒரு வெள்ளைக் கோட் கிடைத்திருந்தது. விதிப் புத்தகத்தை அவர் பாடமாக்கினார். அதில் ஒரு வரி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது: சந்தேகம் வந்தால் குறைந்ததைக் கொடு. தராசிலும் அதுதானே விதி. முள் இரண்டு கோட்டுக்கு நடுவே நின்றால் வாங்குகிறவன் பக்கம் சாயவேண்டும், விற்கிறவன் பக்கம் அல்ல. உலகத்தின் நீதி முழுவதும் இந்த ஒரு வரிதான் என்று சுகிர்தாவிடம் அவர் பிரசங்கம் செய்தார். அவள் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தாள். மசாலாக் கடைத் தவராசாவுக்கும் இப்படித்தான் ஒருமுறை பிரசங்கம் செய்தார். மனுசன் பாவம், தராசுத் தட்டின் அடியில் மிளகாய்த் தூள் இறுகிப்போய்க் கிடந்தது தெரியாமல் மாதக்கணக்காகச் சனத்துக்குக் குறைய நிறுத்துக்கொண்டிருந்தார். "தம்பி, நான் வேணுமெண்டு செய்யேல்லை" என்று கண் கலங்கினார். "வேணுமெண்டு விட்ட பிழையோ தெரியாமல் விட்ட பிழையோ, தராசுக்கு ரெண்டும் ஒண்டுதான் அண்ணை" என்றார் குகநேசன். எவ்வளவு எடுப்பான வசனம். சொல்லிவிட்டுக் காரில் ஏறியபோது கண்ணாடியில் தன் முகத்தைக் கூடப் பார்த்துக்கொண்டார்.

அப்படியானால் இது எந்தப் பிழை? வேண்டுமென்று விட்டதா? இல்லை. இல்லை என்று சொல்லும்போதே உள்ளுக்குள் ஏதோ ஒன்று இருமியது. அவர் பந்தைப் பார்க்கவில்லை. ஆரபியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தை விடும்போது அவள் இடது கையை ஒருமாதிரி விரிப்பாள், விழுந்து எழும்பிய குருவி செட்டையை உதறுவதுபோல, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், முள் நிலைக்கும் முன்னரே அளவைச் சொல்லிவிடுகிற கள்ள வியாபாரி மாதிரி அவருடைய மனதுக்குள் இரண்டு விரல்கள் ஏற்கெனவே நீண்டுவிட்டன. அப்போது ஹார்ன் சத்தம். இந்த ஊர் மைதானங்களில் கார்களை எல்லைக்கோட்டைச் சுற்றி மூக்கு உள்ளே இருக்கும்படி நிறுத்துவார்கள், கோல் விழுந்தால் கைதட்டமாட்டார்கள், ஹார்ன் அடிப்பார்கள். முதல் ஹார்ன் அவர்களுடைய வெள்ளை கொரோலாவின் ஹார்ன், சுகிர்தா அடித்தது, அது அவருக்கு நன்றாகத் தெரியும், சளி பிடித்த ஆட்டின் குரல். அவள் அடித்த பிறகு மற்றக் கார்களும் அடித்தன. டொக்கை அந்தச் சத்தம் விழுங்கிவிட்டது என்று சொல்லலாமா? சுகிர்தாவின் தலையில் போட்டுவிடலாமா? ஆனால் டொக் முதலில், ஹார்ன் பிறகு. நடுவில் ஒரு அமைதி இருந்தது. சின்ன அமைதி. அதற்குள் ஒரு மனிதர் நேர்மையாக இருந்துவிட்டுப் போயிருக்கலாம், இடம் தாராளமாக இருந்தது.

அது மட்டுமா, அதற்குப் பிறகும் இடம் இருந்தது. பந்தை நடுவுக்குக் கொண்டுபோய்த் திரும்ப ஆட்டத்தைத் தொடங்கும்வரைக்கும் தீர்ப்பை மாற்றலாம். கையைத் தூக்கி அம்பயரைக் கூப்பிடுவதுதான் பாக்கி. பெண்பிள்ளைகள் ஆரபியின் மேல் பாய்ந்து கட்டிப்பிடித்தார்கள். அவர்களுடைய தோள்களுக்கு மேலால் அவள் அவரைப் பார்த்தாள். சந்தோசம் இல்லாத பார்வை, கோபமும் இல்லை, வகுப்பில் சந்தேகம் கேட்கிற பிள்ளையின் பார்வை. அந்த நேரம் மரூன் அணியின் பின்வரிசைப் பெண் ஒருத்தி, மூக்குமேல் புள்ளி புள்ளியாகத் தேமல், டெஸ் என்று அவளைக் கூப்பிட்டார்கள், கம்பத்தின் அருகேதான் நின்றவள், வாய்க்கவசத்தைக் கழற்றிக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வந்து, "கம்பத்தில பட்டது" என்றாள். சண்டை பிடிக்கவில்லை. கடையில் மீதிச் சில்லறை பிழை என்று சொல்கிறவர்களின் மரியாதையோடு சொன்னாள். "உங்களுக்கும் கேட்டிருக்கும்." அவர் அவளைப் பார்க்காமல் கொடிகளைச் சுருட்டினார். நடுவில் பந்து மேலே எழுந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது. இனி மாற்ற முடியாது, விதி அப்படி. விதியின் பின்னால் அவர் பாய்ந்து ஒளிந்தபோது அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைக்கத்தான் இப்போது காதுமடல் எரிகிறது.

காற்று திரும்பியது. பந்து இந்தப் பக்கம் வந்து, மறுபடி அந்தப் பக்கம் போனது. புள்ளிப் பலகையில் ஹாரோ க்ரீக் பத்துப் புள்ளி முன்னே. பத்து நல்லது. பத்தில் ஐந்து கழித்தாலும் ஐந்து மிச்சம், அவருடைய ஐந்து யாருக்கும் தெரியாமல் அதற்குள் கரைந்துவிடும், குளத்தில் ஒரு செம்பு பாலைப்போல. அல்லது தோற்கட்டும், நன்றாகத் தோற்கட்டும், தன் பிள்ளையின் அணி இருபது முப்பது புள்ளியில் மண் கவ்வட்டும் என்று அவர் கடவுளைக் கேட்டார். எந்தக் கடவுள் என்று குறிப்பிடவில்லை, இப்படியொரு விண்ணப்பத்தைக் குலதெய்வத்திடம் கொண்டுபோக முடியாது. ஐந்துக்குள் மட்டும் வந்துவிடக்கூடாது. சற்று முன், மூன்றாம் குவாட்டர் முடிந்த இடைவேளையில், ஆரபி தோடம்பழத் துண்டோடு நேரே கம்பத்தடிக்கு வந்தாள். முழங்கால் முழுக்கச் சேறு. மற்றப் பிள்ளைகள் பயிற்சியாளரைச் சுற்றி நின்றார்கள். "அப்பா, அது போஸ்ட்ல பட்டதோ?" அவர் சொன்னார்: "அம்பயர் ஓல் கிளியர் தந்திட்டார், பிள்ளை." சொன்ன கணமே தெரிந்தது. களத்து அம்பயர் சொல்கிற ஓல் கிளியருக்கும் கம்பத்துக்கும் சம்பந்தமே இல்லை, களத்தில் தவறாட்டம் ஏதும் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். கம்பம் முழுக்க முழுக்க கோல் அம்பயரின் பொறுப்பு, இது அவளுக்கு ஒன்பது வயதிலிருந்து தெரியும், அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். "நான் அதைக் கேக்கேல்லை" என்றாள். தோடம்பழத்தின் தோலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். "தண்ணி குடிச்சியோ?" என்றார் அவர். தண்ணி குடிச்சியோ! பொய் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, பொய்க்கு ஒரு முதுகெலும்பு உண்டு. அவர் சொன்னது பொய்யும் இல்லை, ஒவ்வொரு சொல்லும் உண்மை, அம்பயர் ஓல் கிளியர் தந்தது உண்மை, சரியான எடைக்கற்களை வைத்து அவர் பிள்ளைக்குக் குறைய நிறுத்துக் கொடுத்தார்.

இப்போது, நாலாவது குவாட்டரில், மரூன்கள் கூட்டமாக வந்தார்கள், மிதிபட்ட பந்து ஒன்று தரையோடு உருண்டு, இரண்டு நெட்டைகளுக்கும் சரி நடுவாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல் உள்ளே போனது. ஓல் கிளியர். குகநேசன் இரண்டு விரல்களையும் ஈட்டிபோல நீட்டினார், கொடிகளை எடுத்து மூன்றாம் குவாட்டரில் அசைத்ததைவிட வேகமாக அசைத்தார், எதிரணிக்காக, ஏறக்குறைய சந்தோசமாக; பின்னால் வேலியில் சாய்ந்திருந்த ஹாரோ க்ரீக்கின் தகப்பன் ஒருவர், பியர் டின்னை உயர்த்தி, "குகா, நீ எந்தப் பக்கமடாப்பா?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பலகையைப் பார்த்தார். நாலு. பலகை நாலு முன்னே என்றது. அவருக்குள் தொங்கிய இன்னொரு பலகை ஒன்று பின்னே என்றது. தோற்றுக்கொண்டிருக்கிற பிள்ளைகள் அங்கே வென்றுகொண்டிருந்தார்கள். இது அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த இரகசியமும் இல்லை. மரூனின் பயிற்சியாளர், இனி இழக்க ஒன்றுமில்லை என்று, பின்வரிசையிலிருந்து டெஸ்ஸை முன்வரிசைக்கு அனுப்பினார். அவள் மெதுவாக ஓடிவந்து, அவருக்கு ஒரு கைநீட்டுத் தூரத்தில் நின்று, கைகளை இடுப்பில் வைத்து மூச்சு வாங்கினாள். "திரும்பவும் வணக்கம்" என்றாள். அவர் தலையசைத்தார். ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது. தொண்டையில், சொல்லவேண்டியதைத் தவிர மற்ற எல்லாம் தயாராக இருந்தது. "தீர்ப்பு தீர்ப்புத்தான்" என்றார். "ஓ, அது தெரியும்" என்றாள் அவள், முகத்தில் கோணல் இல்லாமல், ஒரு கிழவனைச் சமாதானப்படுத்துவதுபோல. பதினாறு வயதிருக்கும். ஆரபியின் வயது. இவளுடைய தகப்பனும் இந்தக் கார்களில் ஏதோ ஒன்றில் ஹார்னில் கைவைத்துக்கொண்டு இருப்பான்.

குற்றம் என்பது பெரிதாக வரும் என்று அவர் நினைத்திருந்தார். கையூட்டு, கள்ளக் கையெழுத்து, இரவில் வருகிற ஆள். தராசு சோதிக்கப் போன இடங்களில் ஒரு பக்கெட் இறால்கூட அவர் வாங்கியதில்லை. திருப்பிக் கொடுத்த இறாலைப்பற்றி எத்தனை விருந்துகளில் சொல்லியிருக்கிறார், சுகிர்தா இறால் என்றதும் எழும்பிப் போய்விடுவாள். அது இப்படி ஒரு டொக்காக வரும் என்று ஆர் கண்டது. இப்போதே நடுவுக்கு ஓடிப்போய் அம்பயரின் சட்டையைப் பிடித்துச் சொல்லலாம். என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது, தீர்ப்பு மாறாது, புள்ளி மாறாது. ஆரபி மட்டும், பொய்க்கோலின் சொந்தக்காரி என்று, கம்பத்தில் கட்டிய கொடிமாதிரி எல்லோர் கண்ணுக்கும் தெரிவாள். அவளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார், அது நல்ல காரணமாக இருந்தது, நல்ல காரணமாக இருந்ததே அதன் குற்றம். ஆட்டம் முடிந்ததும் காரில் சொல்லலாம். காரில் சொல்வதுதான் சரி. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஆரபி முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில்தான் இருப்பாள், அது எட்டு வருடச் சட்டம், சுகிர்தாவே பின் சீட்டுக்குப் போய்விடுவாள்; சேற்றுச் சப்பாத்தோடு காலை நீட்டிக்கொண்டு, உதை உதையாக முழு ஆட்டத்தையும் வீடு வரும்வரை திரும்ப ஆடுவாள். அதற்காகவே அவர் மசாலாக் கடையில் சும்மா கொடுக்கும் தமிழ்ப் பேப்பரைக் கொண்டுவந்து முன் சீட்டின் கீழே விரிப்பார். எந்தப் பக்கத்தையும் விரித்துவிடமாட்டார். மரண அறிவித்தல் பக்கங்களை எடுத்து வைத்துவிடுவார், செத்தவர்களின் முகத்தில் சேறு மிதிக்கக்கூடாது. வீடு விற்கும் முகவர்களின் பக்கங்களை விரிப்பார், அவர்கள் எதையும் தாங்குவார்கள். இன்று காலையும் விரித்தார். அங்கே வைத்துச் சொல்லலாம். பிள்ளை, பட்டது. இரண்டே சொல். சொன்னால் அவள் என்ன—

யாரோ கத்தினார்கள். பந்து வானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது, அதன் கீழே ஐந்தாறு பேர், எல்லோருக்கும் மேலாக டெஸ் எழும்பி, விரல் நுனியில் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தாள். அவள் விழும்போதே இறுதிச் சைரன் ஒலித்தது. சைரனுக்கு முன்னால் பிடித்த பந்தை, ஆட்டம் முடிந்த பிறகும், அவள் ஒருமுறை உதைக்கலாம். அதுவும் விதி. மைதானம் முழுவதும் அவிந்துபோனது. ஒரு கார்கூட முனகவில்லை. அவள் தரையிலிருந்து எழும்பி, காலுறைகளை இழுத்துவிட்டு, பின்னால் நடந்தாள். கம்பங்களுக்கு நேர் எதிரே, அதிகத் தூரமில்லை. மற்றக் கோடியிலிருந்த பச்சைகள் எல்லாம் ஓடிவந்து நின்றார்கள், முன்னால் ஆரபி, அவர் இப்போது அவளுடைய முகத்தைத் தெளிவாகக் கண்டார். போகட்டும், உள்ளே போகட்டும், நடுவால் போகட்டும், அவர் முருகனைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார். டெஸ் ஓடிவந்து உதைத்தாள். இந்தமுறை அவர் பந்தை மட்டும் பார்த்தார். அது நேராக எழும்பி, காற்றில் கொஞ்சம் யோசித்து, வலதுபக்கம் சாய்ந்து, சாய்ந்து, மெத்தைக்கு மேலே கம்பத்தின் உள்விளிம்பில் பட்டு உள்ளே விழுந்தது. டொக்.

டிக் அல்ல. அதே டொக், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைபோல. ஓல் கிளியர், என்றார் அம்பயர் எங்கோ பின்னாலிருந்து. மறுபடியும் அந்தச் சின்ன அமைதி, அதே இடம், தாராளமாக, கதவைத் திறந்து வைத்திருந்தது. மரூன் கார் ஒன்று ஹார்ன் அடிக்கத் தொடங்கியது, அவர்கள் கோல் என்றே நினைத்துவிட்டார்கள். இரண்டு விரல். இரண்டு விரலைக் காட்டினால் எல்லாம் நேராகிவிடும், எடுத்தது பறிகொடுத்தவருக்குத் திரும்பிவிடும், உலகத்தில் ஆரும் கேட்கமாட்டார்கள், ஆரபி தோற்பாள், தோற்று அவரிடம் வருவாள். ஆனால் அது பிழை. பட்டது. ஒரு தட்டில் பிழையாக ஏறிய கல்லுக்கு மற்றத் தட்டில் இன்னொரு பிழையான கல்லை வைக்கிறவன்மேல் அவர் வாழ்க்கை முழுவதும் குற்றம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அல்லது இது வெறும் பயமா, அல்லது வெல்லத்தான் ஆசையா, நேர்மை என்று இதுவரை அவர் பெயர் வைத்து வளர்த்ததெல்லாம் இந்த மூன்றில் எது? அவருடைய வலது கை அவரைக் கேட்காமலே உயர்ந்தது. கம்பத்தை உள்ளங்கையால் தட்டினார், பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு ஒரு விரல். ஒரு கொடி.

ஹாரோ க்ரீக் மூன்று புள்ளியில் சாம்பியன். கார்களெல்லாம் ஒரே நேரத்தில் அலறின, அவற்றுள் சளி பிடித்த ஆட்டின் குரலை அவரால் பிரித்துக் கேட்க முடிந்தது. டெஸ் பந்தைத் தேடிக் கம்பத்தடிக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. அவர் தட்டிய இடத்தை அவளும் அண்ணாந்து பார்த்தாள். "ஓம், பட்டதுதான்" என்றாள். "இந்தமுறை உங்களுக்குக் கேட்டிட்டுது." அவர் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவளுடைய அணிப் பெண்கள் வந்து அவளைத் தோளோடு அணைத்துக் கூட்டிப்போனார்கள். பந்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள், அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவர் வெள்ளைக் கோட்டின் மேல் அணைத்துக்கொண்டு நின்றார். டெனீஸ் ஓடிவந்து, "அந்த அழுத்தத்தில, அந்த நிமிசத்தில, சொந்தப் பிள்ளையின்ட ஆட்டத்தில! நான் சொன்னேனே, உங்களைவிட ஆர்?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். உடைமாற்றும் அறையிலிருந்து பிள்ளைகள் கிளப்பின் பாட்டை உரக்கப் பாடுவது கேட்டது. அதில் ஆரபியின் குரல் இருக்கிறதா என்று அவர் காது கொடுத்துப் பார்த்தார். கூட்டப் பாட்டில் ஒரு குரலைப் பிரிக்க முடியாது.

அவள் கடைசியாகத்தான் வந்தாள். பதக்கம் கழுத்தில் இல்லை, பையின் பக்கத்து அறைக்குள் அதன் நாடா தொங்கியது. சுகிர்தா பின் சீட்டில் ஏறி, போனில் அக்காவுக்கு உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மூண்டு பொயின்ற் அக்கா, மூண்டே மூண்டு! ஆரபி ஒரு கோல் அடிச்சவள் பாருங்கோ, மூலைக்குள்ள இருந்து, அது இல்லாட்டி இண்டைக்குத் துலைஞ்சுது." குகநேசன் காரைச் சுற்றிவந்து முன் கதவைத் திறந்து பிடித்தார். "ஆரபி" என்றார். "மூண்டாம் குவாட்டர்ல, பிள்ளை..."

"களைப்பா இருக்கு அப்பா. வீட்டை போவம்."

அவள் சப்பாத்துகளைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பின் கதவைத் திறந்து அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறினாள். அவர் முன் கதவைச் சாத்திவிட்டு வந்து காரை எடுத்தார். வீடு வந்து நின்றபோது, முன் சீட்டின் கீழே வீடு விற்கும் முகவர் ஆறு பேர் சேறு படாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.